ஸ்கைலாப் விழுந்த அன்று பிறந்தவன்

லாச்சப்பல், பாரிஸ்
20.06.2019

அன்புள்ள மகன் சஞ்சீவனுக்கு அம்மா எழுதுவது.

நீயும் தயானியும் சாம்பவியும் மொன்றியலில் ஒரு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ரூ பஜோல் கோயில் பிள்ளையாரிடம் கேட்டுவிட்டு வந்துதான் பேனையை எடுத்திருக்கிறேன். என் சுகத்தைக் கேட்டால் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. லிப்ட் மூன்று கிழமையாக வேலை செய்யவில்லை, நாலு மாடியும் நடைதான், ஒரு கத்தரிக்காய் வாங்கப் போனாலும் கைலாயம் போய்வந்த களை. நகருக்கு வெளியே பொண்டியில் உன் சித்தி கோசலை புது வீட்டுக்குப் போய்விட்டாள், முன்னால் நாலு முழப் புல்லு இருக்கிறது, அதைப் பார்க்க வரச் சொல்லித் தினமும் போன். உனக்கு ஏன் போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டுவாய், பக்கத்தில் உன் பெண்சாதி நிற்பாள், நான் ஒன்று சொல்ல அவள் பத்துக் கேட்பாள். இது அப்படிக் கதைக்கிற கதை இல்லை. நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். கூட்டி வாசி. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்கு நீ அழ அழ இழுத்துக்கொண்டு போனது இந்த ஒரு கடிதத்துக்காக என்று வைத்துக்கொள். தயானியிடம் கொடுத்து வாசிப்பித்துக் கேட்காதே. முதலில் நீ வாசி.

போன வெள்ளிக்கிழமை ஞானசுந்தரம் அண்ணை வந்தார். உன் அப்பாவோடு ஒரே அறையில் இருந்தவர், இப்போது இங்கே கலியாண அட்டையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். தோளில் ஒரு நீளக் குழாயைச் சுமந்துகொண்டு நாலு மாடி ஏறி வந்து, மருமகள் மொன்றியலிலை இருந்து ஓடர் தந்தவ, கொண்டுபோகேக்கை கசக்கிப்போடாதை தங்கச்சி என்று சொல்லி நிலத்தில் விரித்தார். ஆறடி நீளப் பனர். மேலே 1979 என்று சட்டி அளவு எழுத்து. கீழே, நீ பிறந்த வருடம் உலகம் எப்படி இருந்தது என்று தமிழிலும் பிரெஞ்சிலும். ஒரு மூலையில் ஸ்கைலாப் நெருப்போடு விழுகிறது, மற்ற மூலையில் பெல்பாட்டம் போட்ட ஆட்கள் ஆடுகிறார்கள், பாண் விலை, பெற்றோல் விலை, ஈரான் ராசா ஓடினது, இங்கிலாந்துக்குப் பெண் பிரதமர் வந்தது, எல்லாம் இருக்கிறது. நடுவில் அந்தப் படம். யாழ்ப்பாணத்து ஸ்டூடியோவில் வெல்வெட் துணியில் குப்புறக் கிடந்து தலையைத் தூக்கிச் சிரிக்கிற பிள்ளை. என் உள்ளங்கையில் அடங்குகிற படத்தை என் உயரத்துக்கு வளர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். ஞானசுந்தரம் அண்ணை கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்பிடியே சஞ்சீவன்தான், மூக்கைப் பார் என்றார். நான் தேத்தண்ணி வைக்கிறேன் என்று குசினிக்குள் போனேன். அவர் போட்டு வாறன் என்று கத்திச் சொல்லிவிட்டுப் போகும்வரை வெளியே வரவில்லை, தேத்தண்ணியும் வைக்கவில்லை.

மகன், சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஆடி பதின்மூன்றாம் திகதி மண்டபம் எடுத்து, எல்லாரையும் பழைய காலத்து உடுப்பில் வரச்சொல்லி, ஸ்கைலாப் மாதிரிக் கேக்கும் செய்வித்து, உன் நாற்பதாவது பிறந்தநாளைக் கொண்டாடப் போகிறாய். அப்பா இல்லை என்றபடியால் நான் வந்து மைக்கைப் பிடித்து அவர் சொல்கிற ஸ்கைலாப் கதையைச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். நான் வரமாட்டேன், கதையும் சொல்லமாட்டேன். அந்தப் படத்தில் சிரிக்கிறது நீ இல்லை. அந்த வருடம் உன்னுடையது இல்லை. 1979 ஆடி பதினோராம் திகதி நான் பெற்றது உன் அண்ணனை. உனக்கு ஒரு அண்ணன் இருந்தான், சஞ்சீவன் அவனுடைய பெயர். நீ அடுத்த வருடம் ஐப்பசி ஒன்பதாம் திகதி பிறந்தாய். உன்னுடைய பெயர் சிவதர்சன். கதிரையில் இருந்துகொண்டு மிச்சத்தை வாசி.

இதை எழுதப் போகிறேன் என்று கோசலையிடம் சொன்னேன். அவள் பதறிக்கொண்டு அடுத்த ரயிலில் வந்து நின்றாள். உனக்கென்ன விசரோ அக்கா, முப்பத்தைஞ்சு வருசம் வாயை மூடிக்கொண்டு இருந்தனி, இனி என்னத்துக்கு, அவன் சந்தோசமாய் இருக்கிறான், விடன் என்றாள். சந்தோசமாக இருக்கிறானோ இல்லையோ என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். போன மாதம் நீ போனை வைக்க மறந்துபோனாய். சாம்பவி கணக்குப் பிழைவிட்டாள் என்று நீ சத்தம் போட்டது எல்லாம் எனக்குக் கேட்டது. எங்கட பரம்பரையே மொக்கு, என்ரை மூளைதான் உனக்கும் வந்திருக்கு என்று நீ அந்தப் பிள்ளைக்குச் சொன்னாய். அது கொப்பியில் அழித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. நீயும் அந்த வயதில் அப்படித்தான் அழித்து அழித்து எழுதுவாய். பனர் வந்திராவிட்டாலும் நான் இதை எழுதியிருப்பேன், ஆனால் சாகும்வரை நாளை நாளை என்று இருந்திருப்பேன். படம் வந்து எனக்கு முன்னால் என் உயரத்துக்கு நின்ற பிறகு நாளை என்று சொல்ல முடியவில்லை.

தயானி ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். அந்த நேரம் என்ன பாட்டு, என்ன உடுப்பு, உலகத்தில் என்ன நடந்தது, மாமி சிரிக்கச் சிரிக்கச் சொல்ல வேணும் என்று. சரி, சொல்கிறேன், சிரிக்கட்டும். பாணுக்கு விடியப் போய் வரிசையில் நின்ற காலம் முடிந்து ஜப்பான் ரேடியோ வாங்க வரிசையில் நின்ற காலம் அது. உன் அப்பாவுக்கு வேலை இல்லை, ஆனால் பெல்பாட்டம் இருந்தது. அவர் நடந்தால் முற்றம் கூட்டுப்படும், எனக்கு விளக்குமாறு தேவையில்லை. காதை மூடின தலைமயிர், நாய்க்காது கொலர், என் அண்ணன் எங்கள் கலியாணத்துக்குக் கொடுத்த கசெற் ரேடியோவைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு திரிவார். எனக்கு ஒரு நைலெக்ஸ் சீலை, எங்கள் ஊர் வேலணை வெயிலுக்கு அது தோலோடு ஒட்டிக் கிடக்கும், ஆனாலும் உடுத்துவேன், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரிக்கு இல்லை. கொழும்பில் அந்த வருடம்தான் டி.வி. தொடங்கியது. எங்கள் பக்கம் ஒரு கடைக்காரர் முந்திக்கொண்டு பெட்டி வாங்கிவந்து அன்ரெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மழை பெய்கிற மாதிரிப் புள்ளிதான் தெரிந்தது, அதைப் பார்க்கவும் நாங்கள் பாயோடு போனோம். கிரிக்கெட்டில் இலங்கை இந்தியாவை வென்றது என்று உன் அப்பா ரேடியோவோடு தெருவில் ஓடினார். ஈரான் ராசாவைத் துரத்திவிட்டு ஒரு கிழவர் பாரிசுக்குப் பக்கத்தில் இருந்து பிளேனில் போய் இறங்கினார் என்று செய்தியில் சொன்னார்கள். பாரிஸ் என்ற பெயரை நான் முதன்முதல் கவனித்துக் கேட்டது அப்போதுதான். பாரிஸ் எங்கை இருக்கு என்று நான் கேட்க, உன் அப்பா தெரிந்த ஆள் மாதிரி, அது லண்டனுக்குள்ளை என்றார்.

பிறகு ஸ்கைலாப். அமெரிக்கன் மேலே ஏற்றிவிட்ட சாமான் கட்டறுந்து கீழே வருகிறது, எங்கே விழும் என்று அவனுக்கே தெரியாது என்று பேப்பர் எழுதினது. சனம் அது வேலணையில்தான் விழும் என்று முடிவு கட்டிவிட்டது. உலகத்தில் வேறு இடமே இல்லை பார். நல்ல முட்டைக்கோழிகளையெல்லாம் அடித்துத் தின்றார்கள். சிலர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்தார்கள். கதைக்காமல் இருந்த சொந்தக்காரர் போய்க் கதைத்தார்கள், அது இங்கே விழவில்லை என்று தெரிந்த பிறகு திரும்பவும் கதைக்காமல் விட்டார்கள். அந்தப் பதினோராம் திகதி பின்னேரம் நாலு மணிக்கு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் எனக்குப் பிள்ளை பிறந்தது. அடுத்தநாள் அது அவுஸ்திரேலியாவில் விழுந்துவிட்டதாக ரேடியோ சொல்ல, மருத்துவிச்சி பிள்ளையைத் தூக்கிக் காட்டி, அவங்களுக்கு ஒண்டும் தெரியாது, அது ஆறாம் வாட்டிலை விழுந்து கிடக்கு என்றாள். வாட்டே சிரித்தது. பிள்ளைக்கு ஸ்கைலாப் என்று பெயர் வந்தது. இந்த இடத்தோடு உன் அப்பா நிறுத்திவிட்டுக் கிளாசைத் தூக்குவார், எல்லாரும் உன் முதுகில் தட்டுவார்கள். நான் குசினிக்குள் போய்விடுவேன். பொரியல் கருகுது என்று சொல்லிக்கொண்டு போவேன். ஒருநாளும் பொரியல் கருகினதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் எந்தப் பாட்டியிலும் சொன்னதில்லை. பிள்ளை பிறந்த அதே நாள் யாழ்ப்பாணத்துக்கு அவசரகாலச் சட்டம் போட்டார்கள். நாலைந்து நாள் கழித்து நான் பிள்ளையோடு பஸ்ஸில் பண்ணைப் பாலத்தால் வருகிறேன், ஆமி மறித்து எல்லாரையும் இறக்குகிறது. அந்தப் பாலத்தடியில் இரண்டு பொடியளைக் கொன்று போட்டிருந்தது என்று சனம் வாய்க்குள் கதைத்தது. நான் சீலைத் தலைப்பால் பிள்ளையின் முகத்தை மூடினேன். ஐந்து நாள் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று மூடினேனோ தெரியாது. இதையும் பனரில் ஒரு மூலையில் போடச் சொல்லித் தயானியிடம் சொல்லு. பெல்பாட்டத்துக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

அந்தப் பயத்தில்தான் அடுத்த பங்குனியில் உன் அப்பா வெளிக்கிட்டார். ரஷ்யப் பிளேனில் கிழக்கு ஜேர்மனி, அங்கிருந்து எப்படியோ பாரிஸ். கசெற் ரேடியோவையும் கொண்டு போய்விட்டார். அப்போது நீ என் வயிற்றில் இரண்டு மாதம், எனக்கே சரியாகத் தெரியாது. நான் எழுதின கடிதம் இங்கே வந்து சேருவதற்குள் அவர் அகதி விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். மனைவி ஒன்று, பிள்ளை ஒன்று, சஞ்சீவன், பிறந்த திகதி இன்னது. லாச்சப்பலில் அப்போது ஒரு தமிழ்க் கடையும் இல்லை, ஒரு அறைக்குள் எட்டுப் பேர், அதில் நாலு பிரெஞ்சுச் சொல்லுத் தெரிந்தவர் ஞானசுந்தரம் அண்ணை ஒருவர். எல்லாருடைய பேப்பரும் அவர்தான் நிரப்பினது. இன்னொரு பிள்ளை வரப்போகுது, அதையும் சேர்ப்பமோ என்று உன் அப்பா கேட்டிருக்கிறார். எழுதினதை மாத்தாதை வாமதேவன், ஒண்டை மாத்தினால் முழுக்கப் பொய் எண்டு தள்ளிப்போடுவாங்கள் என்று அந்த மனிசன் சொல்லியிருக்கிறார். உன் அப்பாவும் அதைக் கேட்டு அப்படியே விட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால் பொய் என்பார்கள் என்று பயந்து பொய்யைக் காப்பாற்றின புத்திசாலிகள். போன வெள்ளிக்கிழமை இதே மனிசன் அந்தப் படத்தை நிலத்தில் விரித்து மூக்கைப் பார் என்கிறார். அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

பெரியவனின் முதலாம் பிறந்தநாளுக்கு நான் ரேடியோவுக்குப் போஸ்ட்காட் போட்டேன். பக்கத்து வீட்டு ரேடியோவில் அவனுடைய பெயரை வாசித்துப் பாட்டும் போட்டார்கள். ஆறு மாத வயிற்றோடு வேலிக்கரையில் நின்று கேட்டேன். உனக்கு அப்படி ஒன்றும் செய்யவில்லை. உனக்குப் படம் எடுக்கவில்லை, ரேடியோவுக்கு எழுதவில்லை. இரண்டாவது பிள்ளை, புருசன் இல்லாத வீடு, யார் செய்வது. 82ஆம் வருடம் மாசி மாதம் உனக்குச் சின்னமுத்து வந்தது. அம்மாள் வந்த வீட்டில் ஆஸ்பத்திரிப் பேச்சு எடுக்கக் கூடாது, வேப்பிலை கட்டி, எண்ணெய் தாளிப்பு இல்லாமல் இருந்து, மூன்றாம் தண்ணி வார்த்தால் போய்விடும். உனக்குப் போய்விட்டது. உனக்குத் தண்ணி வார்த்த அன்று பெரியவனுக்குக் காய்ச்சல் தொடங்கியது. அவனுக்கு நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. மூச்சு இழுக்க இழுக்க நான் வேப்பிலையால் தடவிக்கொண்டு இருந்தேன். கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி. அம்மாள் கோவிப்பா என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஒன்பதாம் நாள் காலமை அவன் போய்விட்டான். இரண்டு வயதும் ஏழு மாதமும். நீ திண்ணையிலும் இல்லை, மடியிலும் இல்லை, யாரோ பாயில் விட்ட இடத்தில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தாய். அப்போது நான் நினைத்ததை உனக்கு எழுதத்தான் வேண்டும். கொண்டுவந்தது இது, போனது அவன் என்று நினைத்தேன். ஒரு நாள் இல்லை, கன நாள் நினைத்தேன்.

தந்தி அடித்தோம். உன் அப்பாவிடம் இருந்து ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. முதல் பக்கம் முழுக்க அழுகை, அது உண்மையான அழுகைதான், மை எல்லாம் கரைந்து கிடந்தது. இரண்டாம் பக்கம் மூன்று வசனம். சாவைப் பதிய வேண்டாம். இங்கே பேப்பரில் ஒரு பிள்ளைதான், இனி ஒரு குழப்பமும் இல்லை. சின்னவனைப் பெரியவனாக்கு. அந்தக் கடிதத்தை நான் அடுப்பில் வைத்தேன், ஆனால் சொன்னபடி செய்தேன். சாவுப் பதிவுக்கு விதானையார் கேட்டபோது பிறகு வந்து பதிகிறோம் என்றேன். இன்றைக்கும் அரசாங்கத்தைக் கேட்டால் உன் அண்ணன் சாகவில்லை, மொன்றியலில் இருக்கிறான் என்று சொல்லும்.

பாரிசுக்கு வரச் சொல்லி எங்களுக்குக் கடிதம் வந்தபோது உனக்கு நாலு வயது. உன்னைத் தர்சன் என்று கூப்பிடுவோம். ஆறு மாதத்தில் அதை மறக்கப்பண்ண வேண்டும். நான் அகப்பைக்காம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தர்சன் என்று கூப்பிடுவேன், நீ என்னம்மா என்று ஓடி வருவாய், உன் கையை நீட்டச் சொல்லி அடிப்பேன். திரும்பக் கூப்பிடுவேன், நீ திரும்ப வருவாய். அம்மா கூப்பிட்டால் வர வேண்டும் என்றுதானே பிள்ளைக்குத் தெரியும். எத்தனை தரம் அடித்தேன் என்று தெரியாது. ஒருநாள் சந்தையில் பின்னால் இருந்து யாரோ தர்சன் என்று கூப்பிட நீ திரும்பிப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். அன்றைக்கு உனக்கு ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தேன். சிவப்பு ஐஸ்பழம். நீ அதைச் சூப்பிக்கொண்டு வந்தாய்.

இன்னும் இருக்கிறது. கொழும்பில் பேப்பர் வேலைக்காக நின்றபோது ஏஜென்சிக்காரன் உன் வாயைத் திறந்து பார்த்தான். ஆறு வயது என்று எழுதியிருக்கிறியள், முன்பல்லு ஒண்டும் விழேல்லையே, டொக்டர் பார்த்தால் என்ன சொல்லுவியள் என்றான். கொட்டாஞ்சேனையில் ஒரு பல்லுக்காரனிடம் கொண்டு போனேன். கீழே இரண்டு பல்லு. ஆடாத பல்லு. அவன் பிடுங்க, உன் கைகள் இரண்டையும் நான்தான் பிடித்துக்கொண்டு இருந்தேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டே கத்தினாய். ஏரோப்பிளேன் படியில் தடக்கி விழுந்து பல்லு உடைந்தது என்று உனக்குச் சொல்லி வளர்த்தோம், நீ அதைச் சாம்பவிக்கும் சொல்லியிருக்கிறாய், அவள் படம் கீறி எனக்கு அனுப்பியிருந்தாள். பிளேன், படி, பல்லு. அந்தப் படம் என் அலமாரிக்குள் இருக்கிறது. ஏஜென்சிக்காரன் கெட்டிக்காரன்தான், எந்த டொக்டரும் உன் வாயைப் பார்க்கவே இல்லை.

இங்கே வந்து இரண்டு மாதத்தில் பள்ளிக்கூடம். பேப்பர்ப்படி நீ ஆறு வயது, முதலாம் வகுப்பு. உண்மையில் உனக்கு ஐந்து நிறையவில்லை. பாசையும் தெரியாது, பென்சிலும் பிடிக்கத் தெரியாது, முன்பல்லும் இல்லை, கதிரையில் இருந்தபடியே மூத்திரம் போய்விடுவாய். உன் வயதுப் பிள்ளைகள் அந்த நேரம் பக்கத்துக் கட்டடத்தில் களிமண் உருட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பிள்ளைக்கு வளர்ச்சி காணாது என்று வகுப்பு மதாம் எழுதி அனுப்பினா. உன் அப்பாவுக்கு உண்மை தெரியும். தெரிந்துகொண்டுதான் பெல்டைக் கழற்றினார். வெளியில் சனத்துக்கு வயதைச் சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டாரோ, அல்லது செத்தவன் இருந்திருந்தால் கெட்டிக்காரனாக இருந்திருப்பான் என்று நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. மொக்கு, மொக்கு என்று அடித்தார். நான் குசினிக்குள் நின்றேன். அடுத்த வருடம் உன்னை அதே வகுப்பில் விட்டார்கள். அந்த வருடம்தான் நீ உன் வயதுப் பிள்ளைகளோடு இருந்தாய், அந்த வருடம் நீ நன்றாக வாசித்தாய், மதாம் இரண்டு தரம் நல்லதாக எழுதி அனுப்பினா. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அதற்குள் மொக்கு என்ற சொல்லு உன் மண்டைக்குள் ஏறிக் குந்திவிட்டது, மிச்சத்தை அதுவே பார்த்துக்கொண்டது. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ரெஸ்ரோறன்டில் கோப்பை கழுவப் போனாய். எனக்குப் படிப்பு ஏறாதுதானே அம்மா என்று சிரித்துக்கொண்டு சொன்னாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

ஏன் திறக்கவில்லை என்று கேட்பாய். முதலில் பேப்பர் பயம், தெரிந்தால் எல்லாரையும் திருப்பி அனுப்புவார்கள் என்று உன் அப்பா சொன்னார். பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது, அதைப் பறிப்பார்கள் என்றார். பிறகு அவரும் செத்தார். அவர் போய் இரண்டு வருடம், அந்த இரண்டு வருடத்துக்கு நான் யார் மேல் பழி போடுவது. உண்மையைச் சொன்னால், எனக்கு அது வசதியாக இருந்தது மகன். சஞ்சீவன் என்று வாய்விட்டுக் கூப்பிட எனக்கு ஒரு பிள்ளை வேண்டும். சஞ்சீவன் சாப்பிட வா, சஞ்சீவன் சட்டையைப் போடு, சஞ்சீவன் பள்ளிக்கூடத்துக்கு நேரம் போச்சு என்று நாள் முழுக்கக் கூப்பிட்டேன். நீ வந்து நிற்பாய். நான் கூப்பிட்டது உன்னை இல்லை. முப்பத்தைந்து வருடம் உன் பெயரில் நான் அவனைத்தான் கூப்பிட்டேன். கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டால் சஞ்சீவன் என்று அவன் பெயரைச் சொல்வேன், நட்சத்திரம் மட்டும் சித்திரை என்று உன்னுடையதைச் சொல்வேன். அவனுடையது திருவோணம். எந்தப் பிள்ளைக்குப் பலன் போய்ச் சேர்ந்ததோ, பிள்ளையாருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

சரி. இத்துடன் உன்னுடைய உண்மையான பிறப்புச் சான்றிதழை வைத்திருக்கிறேன். பிஸ்கற் பேணிக்குள் இருந்தது, ஓரத்தைப் பூச்சி அரித்துவிட்டது, பெயரும் திகதியும் வாசிக்கலாம். அதை வைத்து எந்த அலுவலகத்துக்கும் போகாதே, ஒன்றும் நடக்காது, நடந்தாலும் நல்லது நடக்காது. அது உனக்கு மட்டும். ஒரு பேப்பரை எடுத்துக் கழித்துப் பார், முதலாம் வகுப்பில் இருந்த அன்று உனக்கு எத்தனை வயது, பக்கத்தில் இருந்தவனுக்கு எத்தனை வயது என்று. நீ மொக்கு இல்லை. உனக்கு வயது காணாமல் இருந்தது, அவ்வளவுதான். பிறகு சாம்பவியின் கணக்குக் கொப்பியை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் இரு. கத்தாதே. அவளுக்கு உன்னுடைய மூளைதான், நல்ல மூளை.

மண்டபத்துக்கு என்ன செய்வது என்று நீயே முடிவெடு. கேக்கை வெட்டுகிறதென்றால் வெட்டு, ஆனால் பனர் வராது. அதை நான் சுருட்டி என் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரோடு நிறுத்தியிருக்கிறேன், அவன் என்னோடு இருக்கட்டும். ஐப்பசி ஒன்பதாம் திகதி உனக்கு முப்பத்தொன்பது முடியும். நீ பிறந்த வருடம் உலகம் எப்படி இருந்தது என்று தயானி கேட்டால், மாமிக்குத் தெரியாதாம் என்று சொல்லு. ரேடியோவை உன் அப்பா கொண்டு போய்விட்டார், பேப்பர் வாங்கவில்லை, என்ன பாட்டு, என்ன உடுப்பு, எந்த நாட்டு ராசா ஓடினான், எனக்கு ஒன்றும் தெரியாது. உன்னைப் பெற்ற அன்று வெயிலோ மழையோ என்றுகூட யோசித்து யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. ஐந்து நாளாக யோசிக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் யார் கிடந்தது, என்ன நிறத் துணியில் உன்னைச் சுற்றித் தந்தார்கள், ஒன்றும் வரவில்லை. என்னை மன்னி என்று கேட்க மாட்டேன். அது கேட்கிற இடத்தில் நான் இல்லை.

குளிர்காலத்துக்கு இப்போதே நல்ல சப்பாத்து வாங்கு, போன வருடம் போட்டது கிழிந்துபோய்க் கிடந்தது. உப்பைக் குறை, அப்பாவுக்கு வந்தது உனக்கும் வரும். தயானியிடம் எப்படிச் சொல்வதோ நீயே சொல்லு, அவள் நல்ல பிள்ளை, நான் வாய்க்கு வந்தபடி எழுதியிருந்தாலும் அவளை எனக்குப் பிடிக்கும். நீ திரும்ப எழுதுகிறதென்றால் எழுது, எழுதாவிட்டாலும் சுகமாக இரு. நீயும் உன் பெண்சாதி பிள்ளையும் நூறு வயது இருக்க வேண்டும், அதில் ஒரு வயதுகூட இன்னொருவனுடையதாக இருக்கக் கூடாது என்று பிள்ளையாரைக் கும்பிட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
சஞ்சீவனுக்கும் சிவதர்சனுக்கும் அம்மா,
வா. ரதிதேவி

பி.கு.: கடித உறையில் சஞ்சீவன் என்றுதான் எழுதியிருக்கிறேன், கோவிக்காதே. மற்றப் பெயரை எழுதினால் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று தபால்காரன் திருப்பி அனுப்பிவிடுவான்.